தெரியாது என்று சொல்லாத அக்கா

அக்காவிடம் எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும்.

நெய்வேலியில் அனல்மின் நிலையத்துக்குள் கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் தூளைக் கூட்டி அள்ளுவது எங்கள் வேலை. காண்ட்ராக்ட் ஆட்கள். சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, தலையில் ஹெல்மெட், காலில் இரும்பு மூக்கு வைத்த ஷூ. இதில் ஒன்று குறைந்தாலும் கேட்டில் உள்ளே விட மாட்டார்கள். முதல் நாள் அந்தக் கோலத்தில் வெளியே வரக் கூசி நான் ஷெட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். அக்கா வந்து என் சட்டையை இழுத்து நேராக்கினார்.

"சட்டைங்கிறதே பொம்பளைக்குத்தான்டி வேணும். பாக்கெட் இருக்குது பாரு. ஆம்பளைங்க அதுல பீடியைத் தவிர என்னாத்த வெச்சாங்க?"

அதுதான் நான் அவரிடம் கேட்ட முதல் கருத்து. "ஆமாங்க்கா" என்றேன். அதற்குப் பிறகு பல வருஷம் அந்த ஒரு வார்த்தையைத்தான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குக் கம்மாபுரம் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே போய்விட்டார். மகன் கத்தாரில், மகள் திருப்பூரில். அவர் மட்டும் மந்தாரக்குப்பத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். பேச வீட்டில் ஆள் இல்லாததால்தானோ என்னவோ, பேச்சையெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்து மத்தியானச் சாப்பாட்டில் அவிழ்த்துவிடுவார்.

சங்கு ஊதியதும் பம்ப்பு ரூமுக்குப் பின்னால் இருக்கும் புங்க மரத்தடிக்குப் போவோம். ஷூவைக் கழற்றிச் சுவர் ஓரமாக வரிசையாக வைத்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டுதான் உட்காருவோம். யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை. சோற்றுக்கு முன்னால் செருப்புக்காலோடு உட்காருகிற வழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது, அவ்வளவுதான். நான் ஒரு வாய் சோற்றை எடுத்து ஓரமாக வைத்து, அம்மனை நினைத்துக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடுவேன். அக்காவுக்கு அதிலும் கருத்து உண்டு. சாமி இருக்கிறது, ஆனால் அடிக்கடி கூப்பிட்டால் அதற்குப் பிடிக்காது என்பார். நம் வீட்டு வாசலில் ஒருத்தி வந்து தினமும் நின்றால் நமக்கே எரிச்சல் வரும்போது அவளுக்கு வராதா என்று கேட்பார். நான் சிரித்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

அவர் தியேட்டருக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் வருகிற ஒவ்வொரு படத்தைப் பற்றியும் முடிவாகச் சொல்வார். பஸ் ஸ்டாண்டு போஸ்டரும், பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆளின் செல்லில் ஓடுகிற டிரெய்லரும் அவருக்குப் போதும். இப்போதெல்லாம் வேலைக்குப் போகிற கதாநாயகனே கிடையாதாம். எல்லோரும் தாடி வைத்துக்கொண்டு வெட்டிக்கொண்டே திரிந்தால் சாயங்காலம் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போவது யார் என்பார். சீரியலில் மருமகள் விஷம் வைக்கிறாள், மாமியார் சூனியம் வைக்கிறாள், ஒருத்தியாவது பாத்திரம் துலக்குகிறாளா என்பார். பாட்டுப் போட்டியில் நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வது அவருக்கு ஆகவே ஆகாது. ஜட்ஜே அழுதால் தீர்ப்பு யார் சொல்வது?

செல்போனை அவர் நம்பவில்லை. அதற்குக் காது இருக்கிறது என்று திடமாகச் சொல்வார். எங்களோடு வேலை செய்யும் செல்வியிடம் ஒரு நாள் குக்கர் கெட்டுப்போனதைப் பற்றிப் பேசினாராம். சாயங்காலம் செல்லைத் திறந்தால் குக்கர் விளம்பரம். அன்றிலிருந்து அரசியல் பேசத் தொடங்குமுன் தன் செல்லைக் காலி டிபன் பாக்ஸுக்குள் போட்டு மூடி, அதன்மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார். எங்கள் செல்லையும் வாங்கி உள்ளே போடுவார். சாம்பார் வாசனை அடிக்கிற செல்லோடுதான் நாங்கள் பல தேர்தலைக் கடந்தோம்.

அரசியலில் அவருடைய கருத்து ஒன்றே ஒன்றுதான். போன தடவை தோற்றவனுக்கு ஓட்டுப் போட வேண்டும். ஜெயித்தவனுக்குச் சென்னை வழி தெரிந்துவிடும், தோற்றவனுக்குத்தான் நம் தெரு ஞாபகத்தில் இருக்கும் என்பார். அப்படியானால் நீ யாருக்குப் போட்டாய் என்று கேட்டால், அதை மட்டும் சொல்ல மாட்டார். டிபன் பாக்ஸைக் கண்ணால் காட்டுவார்.

ஒரு நாள் செல்வி, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற ஒன்றைத் தன் செல்லில் போட்டுக்கொண்டு வந்தாள். மகள் ஏற்றிக் கொடுத்தது. குழம்பு வைப்பது எப்படி என்று கேட்டோம், சொன்னது. பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொன்னோம், வைத்தது. அக்கா வெகுநேரம் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"கேக்கிறதுக்கெல்லாம் சொல்லிகினே இருக்குது. ஒரு தபாவாச்சும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லுச்சா? அப்டிப்பட்டதை நம்பக் கூடாதுடி."

செல்வி சோற்றிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டாள். "அப்ப உன்னை என்னா பண்றதுக்கா?"

எல்லோரையும் விட அக்காதான் அதிகம் சிரித்தார். புரையேறி, நான் தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

இப்படிச் சொன்னால் அவரை வெறும் வாய் என்று நினைத்துவிடுவீர்கள். அப்படி இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஒரு முறை விடாத காய்ச்சல். நான் மஞ்சள் துணியில் வேண்டுதல் முடிந்து வைத்துவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். நான் வேலைக்கு வரவில்லை என்று விசாரிக்க வந்த அக்கா, அவர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். முடிந்து வைத்தாயிற்று அல்லவா, இனி அம்மா பார்த்துக்கொள்வாள், நீ போய் ஆட்டோ கூட்டிக்கொண்டு வா என்றார். ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் நின்று எல்லாம் சொன்னவரும் அவர்தான். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று அங்கே சொன்னார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்ததும், அவர்கள் என்ன பெரிதாகச் செய்துவிட்டார்கள், உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள், மோரில் உப்புப் போட்டுக் குடித்திருந்தாலே சரியாகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரியை நம்பாதவர் அவர்தான். எங்களில் யாருக்கு என்ன வந்தாலும் கூட்டிக்கொண்டு ஓடுகிறவரும் அவர்தான்.

ஒரு முறை ஷெட்டில் வைத்து எல்லோருக்கும் உடம்பு சோதித்தார்கள். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அக்காவை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு வெகுநேரம் பேசினார் சோதிக்க வந்த நர்ஸ் பெண். திரும்பி வந்தவர், மெஷின் கெட்டுக் கிடக்கிறது என்றார். அன்று மத்தியானமே கருத்தும் தயாராகிவிட்டது. சக்கரை என்று ஒரு நோயே கிடையாது. முதலில் மிட்டாய் விற்றார்கள், இப்போது மாத்திரை விற்கிறார்கள். தன் உடம்பு தனக்குத் தெரியாதா? அதன் பிறகு அவர் டீயில் சர்க்கரையைக் கூட்டித்தான் போட்டார். எங்களுக்கு எதிரில் வைத்துக் கலக்கிக் குடிப்பார். யாராவது மாத்திரை போடுவதைப் பார்த்தால் விட மாட்டார். மற்றக் கருத்துகளையெல்லாம் சிரிப்பதற்காகச் சொல்வது போல இருக்கும். இதை மட்டும் கோபமாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அது இறுகிக்கொண்டே போனது.

பிறகு ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அக்கா ஷூவைக் கழற்றவில்லை.

எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சோற்றுக்கு எதிரில் ஷூக்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் ஷூ போட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள், அவர்களுக்குச் சோறு செரிக்காமலா போயிற்று என்றார். கழற்றி மாட்டுவதிலேயே சாப்பாட்டு நேரம் போய்விடுகிறதாம். அதற்கும் "ஆமாங்க்கா" என்றேன். அவருக்காக நான் அன்னத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். தினமும் அப்படியே நடந்தது. சுவர் ஓரத்து வரிசையில் அவர் ஷூ வைக்கிற இடம் காலியாகவே கிடந்தது.

மழை தொடங்கிய பிறகு ஷெட்டில் ஒரு நாற்றம் வர ஆரம்பித்தது. எலி செத்துக் கிடக்கிறது என்றாள் செல்வி. பெல்ட்டுக்கு அடியில் எலிகள் நிறைய உண்டு, நனைந்து செத்துக் கிடப்பதும் உண்டு. ஆளாளுக்குத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தேடினோம். அக்காவும் தேடினார். மூட்டைகளைப் புரட்டச் சொன்னார், பெட்டியை நகர்த்தச் சொன்னார். எலி தண்ணீரைத் தேடித்தான் போய்ச் சாகும், அதனால் குழாய்ப் பக்கம் பாருங்கள் என்று வழி காட்டினார். குழாய்ப் பக்கம் ஒன்றும் இல்லை. மேஸ்திரி பினாயில் ஊற்றச் சொன்னார். அந்த வாரம் முழுக்கப் பினாயில் ஊற்றினோம். நாற்றம் ஒரு இடத்தில் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

ஐப்பசி அமாவாசைக்கு முன்பு ஒரு காலையில், வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அக்கா துடைப்பத்தைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தார். உடம்பு அனலாய்க் கொதித்தது, பல் கிட்டியது. தூக்கி வந்து ஷெட்டில் படுக்க வைத்தோம். காற்று வரட்டும் என்று நான் சட்டைப் பொத்தானைத் தளர்த்தினேன். பிறகு கால்மாட்டில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஆட்டுகிற பலம் கூட அவருக்கு இல்லை.

சாக்ஸ் உரிந்து வரவில்லை. செல்வி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அக்கா தலையைத் தூக்கித் தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"எலி இங்கதான் இருந்திருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கச் சொல்லவில்லை.

கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் விஷயம் வந்தது. ஷூவின் இரும்பு உராய்ந்து விரல் ஓரத்தில் ஒரு கொப்புளம். வலி இல்லை. வலி இல்லாததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புண் பெரிதானதும், ஷூ போடாமல் போனால் கேட்டில் விட மாட்டார்கள், நாலு நாள் போகாவிட்டால் தன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும் என்று துணியைச் சுற்றி ஷூவுக்குள் வைத்துக் கட்டியிருக்கிறார். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார். அதுதான் நிஜம் என்று எனக்குத் தோன்றியது.

"சக்கரையே இல்லன்னு அத்தினி பேருகிட்ட சொல்லி வெச்சிட்டேன். எந்த மூஞ்சிய வெச்சிகினு ஆஸ்பத்திரிக்குப் போறது?"

டாக்டர் சின்ன வயசுப் பெண். பொறுமையாகச் சொன்னார். விரலோடு நிற்கவில்லை, பாதம் போய்விட்டது, சீழ் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. முட்டிக்குக் கீழே எடுத்தால் உயிரைக் காப்பாற்றப் பார்க்கலாம். யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் இன்றைக்கே சொல்லுங்கள் என்றார். மகனுக்குப் போன் போட்டோம். அவன் அங்கே யாரோ தெரிந்தவரைக் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை ஒன்றும் செய்யாதீர்கள் என்றான். மகள் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவே, அம்மா என்ன சொல்கிறதோ அதுதான் என்றாள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஃபேனைப் பற்றி, கட்டிலைப் பற்றி, எதிர்க் கட்டில்காரி வைத்திருந்த ஃபிளாஸ்கைப் பற்றி அவருக்கு ஏதாவது இருக்கும் என்று நான் காத்திருந்தேன். எதுவும் இல்லை. டாக்டர் இரண்டாம் தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அப்போது அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீ என்னா சொல்ற?"

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வீட்டில் கேட்டதில்லை, வேலையிடத்தில் கேட்டதில்லை. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்த அந்தக் கண்ணில் ஒன்றுமே தெரியாத பயம் இருந்தது.

நான் கண்ணை மூடி அம்மனை நினைத்தேன். அம்மா, நீ வந்து சொல்லு என்று வேண்டினேன். நினைத்த நேரத்தில் கண்ணுக்குள் வந்து நிற்கிறவள் அன்றைக்கு வரவில்லை. மூக்கில் அந்தக் காலின் நாற்றம்தான் இருந்தது. அவள் என் வாயில் வந்து சொல்லவில்லை என்பதை நான் நிச்சயமாகச் சொல்ல முடியும். நான்தான் சொன்னேன்.

"எடுத்துடலாங்க்கா."

"நீ சொல்ற."

"ஆமாங்க்கா. நான் சொல்றேன்."

பேனா கொடுக்கச் சொல்லி அவரே கையெழுத்துப் போட்டார்.

உயிர் பிழைத்தார். மயக்கம் தெளிந்து பேச ஆரம்பித்ததும், பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் சொன்னது இதுதான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே கையைக் காட்டிச் சொல்வார்.

"இவதான் எடுக்கச் சொன்னா."

மேஸ்திரி வந்தார், அவரிடம் சொன்னார். அறைச் சொந்தக்காரர் வந்தார், அவரிடம் சொன்னார். கத்தாருக்கு வீடியோவில் பேசும்போது என் முகத்துக்கு நேராக செல்லைத் திருப்பி மகனிடம் சொன்னார். நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு தலை குனிந்திருந்தேன். வீட்டுக்குப் போனால், உனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று என் வீட்டுக்காரர். பிழைக்க வைத்த ஆட்டோவை அவர் மறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை கோயிலில் நின்று அம்மனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ வந்து சொல்லியிருந்தால் இந்தப் பழி எனக்கு வந்திருக்குமா என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அக்காவிடமே சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் உயிரே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாங்க, தெரியுமா என்றேன்.

"அது அவங்க கருத்து" என்றார் அக்கா.

செல்விக்குத்தான் ஆத்திரம். வாயைத் திறந்து டாக்டர்தான் எடுக்கச் சொன்னார் என்று சொல்லக் கூடாதா, இப்படி ஊமையாய் நிற்கிறாயே என்று என்னைத் திட்டினாள். அவள் பேசிக்கொண்டிருந்தபோது நர்ஸ் கட்டுப் பிரிக்க வந்தார். அக்கா சட்டென்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தினமும் அப்படித்தான். எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக் குறை சொல்கிறவர் எடுத்த பிறகு அந்தக் காலை ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு என் முந்தானையை முறுக்கிப் பிடித்திருந்தார். நர்ஸ் முடித்துப் போகும் வரை விடவில்லை.

வெளியே வந்து செல்வியிடம் சொன்னேன். விடு செல்வி, அக்கா சொல்லிக்கொள்ளட்டும். சினிமாவையும் சர்க்காரையும் தூக்கிக்கொண்டு திரிந்த அக்காவால் இந்த ஒன்றைத் தூக்க முடியவில்லை. எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே, என்மேல் வைத்துவிட்டுப் போகட்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் மகள் அக்காவைத் திருப்பூருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இப்போதும் மத்தியானம் புங்க மரத்தடியில்தான் உட்காருகிறோம். ஆளுக்கொரு செல். சினிமா பற்றியும் கட்சி பற்றியும் உடம்பு பற்றியும் கருத்து அதிலேயே வந்து விழுகிறது. காதில் மாட்டிக்கொண்டு தின்கிறோம். முன்பெல்லாம் வேலையின் அலுப்பு சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் இறங்கும். இப்போது இறங்குவதில்லை.

அக்கா எப்போதாவது போன் செய்வார். மாப்பிள்ளை சரியில்லை, திருப்பூர்த் தண்ணீர் சரியில்லை, பக்கத்து வீட்டுக்காரி நல்லவள் ஆனால் அவள் வைக்கிற ரசம் சரியில்லை. மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். போடுகிறார் என்று மகள் சொன்னாள். சில வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு ஒரு நாள் அதே எண்ணிலிருந்து மகள் பேசினாள்.

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. சின்ன வீடு. பெஞ்சுகளை வெளியே போட்டிருந்தார்கள். உள்ளே அக்காவை நடுவில் கிடத்தி, இடுப்புக்குக் கீழே வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். ஒரு பக்கம் துணி தட்டையாகக் கிடந்தது. சுற்றிலும் எனக்குத் தெரியாத பெண்கள். உட்கார இடம் இல்லாமல் கதவோரமாக நின்றேன். தலைமாட்டில் இருந்த வயதான அம்மா ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, நெய்வேலிங்களா?"

தலையை ஆட்டினேன்.

"அந்தக் காலை எடுக்கச் சொன்னது நீங்கதானுங்களா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். டாக்டர் பெயரைச் சொல்லியிருக்கலாம். அன்றைய நிலைமையைச் சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்க. நான்தான் சொன்னேன்" என்றேன்.

அந்த அம்மா கையை ஊன்றி நகர்ந்து, அக்காவின் தலைமாட்டில் எனக்கு இடம் விட்டார்.